பாத்தி பிரித்த பங்காளிகள்

1759-இல் பிரான்ஸுக்கு நேரமே சரியில்லை. ஏழாண்டுப் போர் உச்சத்தில் இருந்தது. கனடாவில் கியூபெக் கைவிட்டுப் போனது. இன்னும் ஒன்றரை வருஷத்தில் நம் பாண்டிச்சேரியும் போகப் போகிறது. கஜானாவில் எலி ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மன்னர் பதினைந்தாம் லூயிக்கு ஒரு யோசனை உதித்தது: தோட்டத்துச் செடிகளையெல்லாம் யாருக்கு யார் சொந்தம் என்று பார்த்து, வரிசையாக நட்டு வைத்தால் என்ன?

நாட்டை ஒழுங்குபடுத்துவதைவிட இது சுலபம் என்று நினைத்திருப்பார். இதுவும் சுலபமில்லை என்பது இன்றுவரை நிரூபணமாகிக்கொண்டே இருக்கிறது.

வெர்சாயில் தோட்டத்துக்கா பஞ்சம்? கொள்ளுத்தாத்தா பதினான்காம் லூயி ஒரு தாலுகா அளவுக்குப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அங்கே மரங்களெல்லாம் அணிவகுப்பில் நிற்கும்; இலைகூட உத்தரவு கேட்டுத்தான் அசையும். கொள்ளுப்பேரனுக்கு அந்தப் பிரம்மாண்டம் அலுத்துவிட்டது. அரண்மனையை விட்டுத் தள்ளி, திரியானோன் என்ற மூலையில், காதலி பொம்பதூர் சீமாட்டியோடு மாடும் கோழியும் வளர்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி வீடுகளுக்குள் அன்னாசி, காபிச் செடி. காபியைத் தன் கையாலேயே போட்டு விருந்தாளிகளுக்குக் கொடுப்பாராம். தோட்டக்காரர் க்ளோத் ரிஷாருக்கு மேலே எந்த அதிகாரியும் கிடையாது. நேரே மன்னரிடமே பேசலாம். போர் மந்திரி வெளியே காத்திருக்க, உள்ளே எருவைப் பற்றிப் பேச்சு நடந்திருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

செடிகளுக்கு உறவுமுறை சொல்ல ஒரு பெரிய மனுஷர் வேண்டுமே. அன்றைய பாரிஸில் தாவரம் என்றால் ஒரே வீடுதான்: ஜுஸ்ஸியு வீடு. இந்தக் கதையில் வருகிற எல்லோருமே குடும்பத் தொழில்காரர்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். செடிகளுக்குக் குடும்பம் வகுத்தவர்கள், அதற்கு முன்பே தங்கள் குடும்பத்துக்கு வேலை வகுத்துக்கொண்டவர்கள்.

லியோன் நகரத்து மருந்துக்காரர் ஒருவரின் பிள்ளைகள் இவர்கள். அந்துவான் பாரிஸ் அரசுத் தோட்டத்தில் பேராசிரியரானார். தம்பி பெர்னாரை அங்கேயே 1722-இல் துணை விளக்குநராக உட்கார்த்தினார்கள். கடைக்குட்டி ஜோசப்பை 1735-இல் பூமியை அளக்கப் போன ஒரு குழுவோடு தென்னமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். குழு திரும்பியது, அவர் திரும்பவில்லை. 36 வருஷம் கழித்து 1771-இல் வந்து சேர்ந்தபோது அவருக்கு நினைவு தப்பியிருந்தது. தாவரங்களைத் தேடிப் போனவரை வீட்டில் யாரும் தேடிப் போகவில்லை.

பெர்னார் நேர் எதிர் ரகம். எங்கும் போகமாட்டார், எதையும் கேட்கமாட்டார், எதையும் எழுதவும் மாட்டார். 1758-இல் அண்ணன் இறந்ததும் பேராசிரியர் பதவி வீடு தேடி வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் துணை விளக்குநராகவே இருந்தார். ஊருக்கெல்லாம் அவரைப் பற்றித் தெரிந்தது ஒரே கதை: லெபனான் தேவதாரு நாற்றைத் தொப்பியில் வைத்துக் கொண்டுவந்தவர். சொல்லச் சொல்ல அந்தக் கதை வளர்ந்து, லெபனானிலிருந்து கப்பலில் வரும்போது தன் பங்குக் குடிதண்ணீரை நாற்றுக்கு ஊற்றிக் காப்பாற்றினார் என்பது வரை போய்விட்டது. உண்மையில் அது 1734-இல் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த நாற்று. பாரிஸ் தோட்டத்தை நெருங்கும்போது தொட்டி விழுந்து உடைந்ததாம். மிச்ச தூரத்துக்குத்தான் தொப்பி. மரம் இன்றும் அங்கே நிற்கிறது. தொப்பியின் கதி பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை.

இந்த மனிதரைத்தான் மன்னர் திரியானோனுக்கு அழைத்தார்.

அப்போது ஐரோப்பா முழுக்க ஓடிக்கொண்டிருந்தது லின்னேயஸின் முறை. ஸ்வீடனில் உப்சாலா நகரம் 1702-இல் தீப்பிடித்து எரிந்தபோது பல்கலைக்கழகத் தோட்டமும் பாழானது. 1740-களில் அதை மீட்டெடுத்த லின்னேயஸ், தன் கணக்குப்படி பாத்தி கட்டினார். கணக்கு ரொம்ப எளிது. பூவைப் பிரி, மகரந்தத்தாள் எத்தனை என்று எண்ணு. ஒன்று என்றால் முதல் வகுப்பு, இரண்டு என்றால் இரண்டாவது. இப்படியே போய் மொத்தம் 24 வகுப்பு. மகரந்தத்தாள்தான் கணவன், சூலகம்தான் மனைவி. ஒரு மனைவிக்கு இருபது கணவன்மார் ஒரே படுக்கையில் என்கிற ரீதியில் பாதிரியார் மகனான இவர் வர்ணித்துக்கொண்டே போக, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்த சீகெஸ்பெக் என்பவர் இதெல்லாம் கடவுளுக்கு அடுக்காத ஆபாசம் என்று கொதித்தார். லின்னேயஸ் பதிலுக்கு வாதாடவில்லை, பிசுபிசுவென்று கையில் ஒட்டும் ஒரு களைச்செடிக்கு சீகெஸ்பெக்கியா என்று பெயர் வைத்துவிட்டார் என்பது தாவரவியல்காரர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் கதை. இதற்கிடையே உப்சாலா தோட்டத்தில் கம்பங்களின் மேல் குடில் கட்டிக் குரங்கும் வளர்த்தார். மாணவர்கள் எதைப் பார்க்க வந்தார்கள் என்பது தெரியவில்லை.

எண்ணத் தெரிந்தால் போதும் என்பது இந்த முறையின் பெருமை. எண்ணுவதோடு நின்றுவிடுவது இதன் சங்கடம். மல்லிகைக்கு இரண்டு மகரந்தத்தாள். மிளகுக்கும் இரண்டு என்று லின்னேயஸ் கணக்கெழுதினார். ஆகவே இருவரும் ஒரே வகுப்பு. ஒருவர் தலைக்கு, ஒருவர் ரசத்துக்கு. வேறு எந்த ஒட்டும் கிடையாது. கோதுமைக்கும் கேழ்வரகுக்கும் மூன்று. நெல்லுக்கு ஆறு. அவ்வளவுதான், நெல்லைப் புல் கூட்டத்திலிருந்து கிளப்பி லில்லிப் பூக்கள் இருக்கும் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். வயலில் நெல்லைப் போலவே ஒளிந்து வளரும் களைப்புல்லைப் பிரித்தெடுக்க நம் ஊர்ப் பெண்கள் படும் பாட்டை அவர் ஒருநாள் பார்த்திருந்தால், நெல் யார் வீட்டுப் பிள்ளை என்பதில் சந்தேகமே வந்திருக்காது.

லின்னேயஸுக்கும் இது தெரியாமலில்லை. இது தற்காலிக ஏற்பாடு, நிஜமான உறவுமுறை வேறு என்று அவரே எழுதினார். துண்டு துண்டாகப் பட்டியலும் போட்டுப் பார்த்தார். ஆனால் பாத்தி கட்டும்போது எண்ணிக்கைக்கே திரும்பிவிட்டார். தேர்வுத்தாள் திருத்துகிறவர்களுக்கு அந்தக் கஷ்டம் புரியும்.

பெர்னார் எண்ணவில்லை. கல்யாணப் பந்தியில் யாரை யார் பக்கத்தில் உட்காரவைப்பது என்று தீர்மானிக்கிற ஊர்ப் பெரியவர் சட்டையில் எத்தனை பொத்தான் என்றா பார்ப்பார்? முகவெட்டு, நடை, பேச்சு, தாத்தா பேர், எல்லாவற்றையும் சேர்த்துத்தானே பார்ப்பார். பெர்னாரும் விதை, காய், பூ, இலை என்று மொத்தத்தையும் பார்த்தார். எல்லா அடையாளத்துக்கும் சம ஓட்டு கிடையாது என்பது அவருடைய ஞானம். விதைக்குள் வித்திலை ஒன்றா இரண்டா என்பது வம்ச விஷயம். பூ என்ன நிறம் என்பது சில்லறை.

ஆனால் உறவை மனத்தில் வைத்திருப்பது வேறு, மண்ணில் நட்டுக் காட்டுவது வேறு. பாத்தி என்றால் இடப்பக்கம் ஒரு அண்டைவீடு, வலப்பக்கம் ஒரு அண்டைவீடு, அவ்வளவுதான். நான்கு திசையிலும் சொந்தம் இருக்கிற குடும்பத்தை எங்கே வைப்பது? ஒரே அவரைக் குடும்பத்தில் முழங்கால் உயரப் பட்டாணியும் இருக்கிறது, தெருவையே மூடும் தூங்குமூஞ்சி மரமும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் நட்டால் பட்டாணிக்கு வெயில் கிடையாது. பாதிக் குடும்பங்களில் முக்கிய உறுப்பினர் வெப்பநாட்டுக்காரர். பாரிஸ் குளிரில் ஒரு ராத்திரி தாங்கமாட்டார். தொட்டியில் வளர்த்துக் கோடையில் வெளியே தூக்கி வைத்து, பனிக்கு முன் உள்ளே தூக்கிப் போக வேண்டும். புதினா வகையறாவோ, எந்த மேதை எல்லை போட்டாலும் மதிக்காது. மண்ணுக்கடியில் ஓடிப் பக்கத்துக் குடும்பத்து வாசலில் எழுந்து நிற்கும். வகைப்பாடு என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர்கள் ஒருநாளும் புதினா பிடுங்கியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

இத்தனையையும் பெர்னார் உட்கார்ந்து யோசிக்க, ரிஷார் குனிந்து நட, திரியானோன் தோட்டம் உருவானது. வகைகள் சுமார் 4,000 வரை போனதாகச் சொல்கிறார்கள். இயற்கை உறவின்படி அமைந்த அந்த வரிசைக்கு முன்னுரையும் இல்லை, விளக்கவுரையும் இல்லை. பெர்னார் அச்சுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அவருடைய புத்தகம் பாத்திகள்தான். படிக்க வேண்டுமானால் நடக்க வேண்டும். இதற்குச் சம்பளமா, வெகுமதியா? ஒன்றுமில்லை. அவர் கேட்கவில்லை, ஆகவே யாரும் கொடுக்கவில்லை. பாரிஸிலிருந்து வந்துபோன வண்டிச் செலவுகூட வரவில்லை என்பார்கள். கேட்காதவனுக்குக் கொடுக்கக் கூடாது என்பதில் எல்லா அரசாங்கங்களும் ஒன்றுதான்.

இந்தத் தோட்டத்தில்தான் ஒரு ஸ்ட்ராபெரி நாடகமும் நடந்தது. 1714-இல் ஃப்ரெஸியே என்ற ராணுவப் பொறியாளர் தென்னமெரிக்கக் கரையோரக் கோட்டைகளை வேவு பார்க்கப் போய், திரும்பும்போது சிலி நாட்டுப் பெரிய ஸ்ட்ராபெரிச் செடிகளை எடுத்து வந்தார். ஐந்து செடி பிழைத்தன. ஐரோப்பா வந்து சேர்ந்ததும் அவை தளதளவென்று வளர்ந்தன, பூத்தன, காய்க்கவில்லை. பெரிய பழத்துக்காகப் பார்த்துப் பார்த்து எடுத்துவந்த அத்தனையும் பெண் செடி. மாப்பிள்ளை சிலியிலேயே தங்கிவிட்டார். ஐம்பது வருஷம் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் உரத்தை மாற்றினார்கள், மண்ணை மாற்றினார்கள்.

1764 ஜூலை 6-ஆம் தேதி, துஷேன் என்ற 16 வயதுப் பையன் மன்னரிடம் ஒரு தொட்டியைக் கொண்டுவந்து நீட்டினான். தொட்டி நிறையச் சிலி ஸ்ட்ராபெரிப் பழம். வேறொரு இனத்து ஆண் பூவின் மகரந்தத்தை இந்தப் பெண்களுக்குத் தடவிவிட்டிருந்தான், அவ்வளவுதான். பெரியவர்கள் உரம் பற்றிப் பேசிக்கொண்டிருந்த விஷயத்தில் பையனுக்குத் தோன்றியது கல்யாணம். மன்னர் மகிழ்ந்து, உலகத்து ஸ்ட்ராபெரியை எல்லாம் திரியானோனில் சேர்த்து வளர்க்க அனுமதி கொடுத்தார். பையனின் அப்பாவும் மன்னரின் கட்டடத் துறையில்தான் வேலை என்பதைப் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறேன்.

இரண்டே வருஷத்தில், 1766-இல், துஷேன் ஸ்ட்ராபெரிகளின் வரலாற்றைப் புத்தகமாகவே எழுதிவிட்டான். அதில் ஒரு வம்சாவளிப் படம்: எந்த ஸ்ட்ராபெரிக்கு எது தாய், எது பிள்ளை என்று கோடு போட்டுக் காட்டியது. பெர்னார் பாத்தியில் காட்டியது யார் யாருக்குச் சாயல் என்பதை. பையன் கேட்டது யார் வயிற்றில் யார் பிறந்தார் என்பதை. டார்வின் தன் புத்தகத்தை வெளியிட இன்னும் 93 வருஷம் இருந்தது. படித்தவர்கள் ஸ்ட்ராபெரி நன்றாக இருக்கிறது என்றார்கள்.

1774 மே மாதம் பதினைந்தாம் லூயி அம்மை கண்டு இறந்தார். பேரன் பதினாறாம் லூயி பட்டத்துக்கு வந்து, திரியானோனை 18 வயது மனைவி மரி அந்துவானெத்துக்குப் பரிசாகக் கொடுத்தார். அரசிக்கு வித்திலையில் ஆர்வமில்லை. அப்போது ஃபேஷன் ஆங்கிலத் தோட்டம்: வளைந்தோடும் செயற்கை ஓடை, கையால் கட்டிய குன்று, குகை, மண்டபம். எல்லாம் தானாக அமைந்தது மாதிரி தோன்ற வேண்டும். அதற்காக ஏராளமாகச் செலவழிக்க வேண்டும். ஆகவே பாத்திகளைக் காலி செய்யச் சொன்னார். இயற்கை உறவுமுறையைப் பிடுங்கிப் போட்டு அந்த இடத்தில் இயற்கை கட்டினார்கள்.

அந்த ஆங்கிலத் தோட்டத்துக்கு முதல் வரைபடம் போட்டுக் கொடுத்தவர் யார் தெரியுமா? அந்துவான் ரிஷார். பெர்னாருக்காகக் குனிந்து நட்ட க்ளோத் ரிஷாரின் மகன். அப்பா இன்னும் உயிரோடு இருந்தார். அன்று சாப்பாட்டு மேஜையில் என்ன பேசியிருப்பார்கள் என்பதுதான் இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் தெரிந்துகொள்ள ஆசையான இடம். கடைசியில் அந்த வரைபடம் அரசிக்குப் பிடிக்காமல் வேறு ஆட்களிடம் வேலை போனது. அப்பாவுக்கு அது ஆறுதலாக இருந்ததோ என்னவோ.

செடிகளை வண்டியேற்றிப் பாரிஸ் அரசுத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். பெர்னாருக்கு அப்போது பார்வை ஏறக்குறையப் போய்விட்டிருந்தது. பார்க்க வேண்டியிருக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். 1777-இல் காலமானார்.

ஆனால் ஜுஸ்ஸியு வீட்டில் ஆள் பஞ்சமே கிடையாது. லியோனிலிருந்து 1765-இலேயே அண்ணன் மகன் அந்துவான் லோரான் வந்திறங்கி, சித்தப்பா வீட்டில் சாப்பிட்டு, சித்தப்பாவின் வரிசையை மனப்பாடம் செய்திருந்தார். திரியானோன் கலைந்த அதே 1774-இல் பாரிஸ் தோட்டத்தின் பாத்திகளைச் சித்தப்பா பாணியில் திருத்தி அமைத்துக்கொண்டிருந்தார். பிறகு பதினைந்து வருஷம் உட்கார்ந்து அதைப் புத்தகமாக்கினார்: 15 வகுப்பு, 100 குடும்பம். முன்பக்கத்திலேயே சித்தப்பாவின் திரியானோன் பட்டியலையும் மரியாதையாகச் சேர்த்தார். நெல் புல்லோடு சேர்ந்தது, மிளகு மல்லிகையை விட்டு விலகியது. புத்தகம் வெளிவந்தது 1789-இன் கோடையில். பாரிஸில் அந்தக் கோடையில் மக்கள் வேறு ஒரு வகைப்பாட்டைக் கலைத்துக்கொண்டிருந்ததால் கடையில் கூட்டம் இருந்திருக்காது.

அரசியின் தலை போன 1793-இலேயே அரசுத் தோட்டம் தேசிய நிறுவனமாக மாறியது. அந்துவான் லோரான் அங்கே பேராசிரியர். 1826-இல் அந்த நாற்காலியை மகன் ஆத்ரியனுக்கு விட்டுக்கொடுத்தார். நாட்டில் முடியாட்சி போனது, வந்தது, மறுபடி போனது; தோட்டத்துக்குள் வாரிசுரிமை ஒரு கீறலும் படாமல் இருந்தது.

மற்ற ஊர்க்காரர்கள் மட்டும் சளைத்தவர்களா? ஜெனீவாவில் த கந்தோல் வீட்டில் அப்பா, மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று நான்கு தலைமுறைத் தாவரவியல். உப்சாலாவில் லின்னேயஸ் தன் பேராசிரியர் பதவியை மகனுக்கே வாங்கிக் கொடுத்தார். லண்டன் கியூ தோட்டத்தில் 1841-இலிருந்து இயக்குநர் அப்பா ஹூக்கர், அடுத்து மகன் ஹூக்கர், அடுத்து மருமகன். இப்படி 1905 வரை. மகன் ஹூக்கரும் பெந்தம் என்ற தாவரவியலாரும் சேர்ந்து 1862 முதல் 1883 வரை எழுதிய வகைப்பாட்டில் 202 குடும்பங்கள். கியூவின் பாத்திகள் அதன்படி அமைந்தன. அந்தப் பட்டியல் கப்பலேறி வந்து நம் கல்லூரி மாணவர்களின் தலையிலும் உட்கார்ந்தது. ஊசியிலை மரங்களை இருவித்திலைக்கும் ஒருவித்திலைக்கும் நடுவில் செருகியது அதன் குறை என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு, அந்தப் பட்டியலையே பத்து மதிப்பெண்ணுக்கும் எழுதி எத்தனை தலைமுறை தேறியிருக்கிறது!

கேம்பிரிட்ஜில் இன்னொரு வேடிக்கை. 1845 வாக்கில் அங்கிருந்த தோட்டப் பொறுப்பாளர் ஆண்ட்ரூ முர்ரே, த கந்தோலின் புத்தகத்தை அப்படியே தரையில் விரித்தார். நடுவில் முட்டை வடிவ வேலிக்குள் ஒருவித்திலைக்காரர்கள். சுற்றிலும் வேலிகளால் பிரிந்து நான்கு கூட்டமாக இருவித்திலைக்காரர்கள். ஏறத்தாழ மூன்று ஏக்கரில் 157 பாத்தி. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. புத்தகம் காலாவதியானது, வேலியோ வளர்ந்து, அடர்ந்து, பாரம்பரியச் சின்னமாகிவிட்டது. இன்று அந்த வகைப்பாட்டை நம்பும் ஆள் ஒருவர்கூட இல்லை; அந்த வேலியில் கைவைக்கும் துணிச்சலும் ஒருவருக்கும் இல்லை.

குடும்பத் தொழிலுக்கு முடிவு கட்டியது மரபணு. 1993-இல் சுமார் 500 செடிகளின் ஒரே மரபணுவை வரிசைப்படுத்தி ஒரு கூட்டமே சேர்ந்து கட்டுரை எழுதியது. 1998-இல் ஒரு குழு, தனி ஆள் பெயரே போடாமல், பூக்கும் தாவரங்களுக்கு 462 குடும்பம் என்று புதுப் பத்திரம் எழுதியது. 2016-இல் திருத்தியபோது அது 416. இடைப்பட்ட காலத்தில் எத்தனை வீடு இணைந்தது, எத்தனை வீடு உடைந்தது என்பது உலகத் தோட்டக்காரர்களின் முதுகுக்குத்தான் தெரியும். எருக்கு தனிக்குடித்தனத்தைக் காலி செய்துவிட்டு அரளி வீட்டுக்கு வந்தது. தேக்கு, துளசி குடும்பத்தில் சேர்ந்தது. முருங்கை, பப்பாளி, கடுகு மூன்றும் ஒரே வம்சம் என்று தெரிந்தது. சாம்பாரில் இரண்டு பேர் அடிக்கடி சந்தித்தும் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

கறிவேப்பிலை கதை இன்னும் மேல். லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். அவர் நினைவாக 1771-இல் லின்னேயஸ் கறிவேப்பிலைக்கு பெர்கேரா கோனிகி என்று பெயர் வைத்தார். பிறகு வந்தவர்கள் அதை முர்ராயா வீட்டுக்கு மாற்றினார்கள். நாம் அப்படித்தான் படித்தோம். இப்போது மரபணு பார்த்தவர்கள், இது முர்ராயா வீட்டுப் பிள்ளையே இல்லை என்று மறுபடி பெர்கேராவில் கொண்டுவந்து விட்டார்கள். இத்தனைக்கும் நடுவில் அது தட்டு ஓரத்தில் ஒதுங்குவது மட்டும் மாறவில்லை.

கியூ 2019-இல் பழைய பாத்திகளைக் களைந்துவிட்டு, மரபணு சொன்ன வரிசைப்படி புதுத் தோட்டம் திறந்தது. அப்படித் தோட்டம் போடத் துணிகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு சோதனை காத்திருக்கிறது: தாமரை. குளம், வட்ட இலை, மிதக்கும் பூ. தாமரையும் அல்லியும் அக்கா தங்கை என்று கவிகள் முதல் தாவரவியலார் வரை எல்லோரும் நம்பினோம். ஒரு குளம் வெட்டினால் இரண்டு குடும்பமும் முடிந்தது. மரபணு வந்து, அல்லிக்கும் தாமரைக்கும் சம்பந்தமே இல்லை என்றது. தாமரையின் நெருங்கிய சொந்தம் ஐரோப்பியத் தெருவோரம் நிற்கும் பிளேன் மரம். இன்னொரு சொந்தம் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் குடும்பம். தாமரைக்கு முழங்கால் ஆழச் சேறு வேண்டும். சில்வர் ஓக்குக்கு வேரில் தண்ணீர் தேங்கினால் ஆகாது. அவரோ எண்பதடி உயரம். இருவரையும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் போடச் சொல்லி வரைபடம் வருகிறது. வரைந்தவர் கணினியை மூடிவிட்டு மண்வெட்டிக்காரரைத் தேடிப் போகிறார். அவர் காலையிலேயே லீவு சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.